முப்பது விழுக்காடு வரை

கருப்பூருக்கு வடக்கே
வெள்ளைக்கல் லாரிகள் திரும்பும் வளைவில்
தங்காயியின் ஒன்றரை ஏக்கர்.
சோயா. நாற்பத்தோராம் நாள்.
என் கையில் கட்டம் போட்ட கண்ணாடித்தாள்,
காதில் பென்சில்,
ஒரு படிவம்:
செடி எண், இலை எண், சேதம் எத்தனை விழுக்காடு.

பன்னிரண்டு மணிக்கு வயல் நிறம் மாறியது.
பச்சை போய், வெளிறிய சாம்பல்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
இதை நோய் என்று எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.
நோயில்லை.
மூன்று சிற்றிலையும் எழுந்து
விளிம்பை மட்டும் வெயிலுக்குக் கொடுக்கின்றன,
ஓமலூர் பஸ் நெரிசலில்
முழங்கை படாமல் ஒருக்களித்து நிற்பவளைப் போல.
தெரிவது அடிப்பக்கம்.
அதில் மட்டும் சுரங்கத்துத் தூசி இல்லை.

புழுக்கள் பகலில் மண்வெடிப்புக்குள்.
இரவெல்லாம் தின்றதன் மிச்சம் என் கண்ணாடித்தாளுக்குக் கீழே:
நரம்பு நிற்க, சதை போன சல்லடை.
ஓட்டைகளை எண்ணுகிறேன்.
செடி ஒன்பது, பதினான்கு.
செடி பத்து, பத்தொன்பது.

கடிபட்ட இலை சும்மா இருப்பதில்லை.
கீழே கடித்தால்
கடிபடாத மேல் இலையில் பொழுது சாய்வதற்குள்
ஏதோ ஒன்று ஊறுகிறது.
அதைத் தின்ற புழுவுக்குச் செரிப்பதில்லை;
தின்னத் தின்ன மெலிகிறது.
இன்னொன்றும் உண்டு,
நம் மூக்குக்கு எட்டாத ஒரு வாசனை.
அது பிடித்து வரும், பாதி எள்ளளவு குளவி,
புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்க.

ஆனால் இருபத்தாறு நாளாக மழையில்லை.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே,
இது நிஜமாகவே வாயைக் கட்டியிருக்கிறது:
இலைத்துளை ஒவ்வொன்றையும் மூடி
உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது.
மூடிய வாயால் எப்படிக் கூப்பிடுவது?
சாரிடம் கேட்டேன்.
"குறையும்னுதான் நினைக்கிறேன்" என்றார்,
"எவ்வளவுன்னு தெரியாது."

செடி ஒன்பதின் காலடியில்
ஊதாப் பூக்கள், நகக்கண் அளவு. பதினேழு.
யாரும் பறிக்கவில்லை, காற்றும் இல்லை.
வளர்க்க முடியாததை அதுவே விட்டிருக்கிறது.
படிவத்தில் பூவுக்குக் கட்டம் கிடையாது.

"மருந்து அடிக்கட்டுமா, வேண்டாமா?
ஒத்தச் சொல்லு."
தங்காயியின் தோளில் தெளிப்பான்,
ஒரு காதில் கம்மல், மறு காதில் ஈர்க்குச்சி.
(உடைந்ததா, வைத்ததா, நான் கேட்கவில்லை.)
முப்பது விழுக்காடு வரை செடி தாங்கும் என்றேன்.
பூத்த பிறகுமா என்றாள்.
பூத்த பிறகு பதினைந்து.
"அப்ப ஒம்பது பொழைக்கும், பத்து சாவுமா?
பக்கத்துல பக்கத்துலதான் நிக்குது."

இரண்டரைக்குச் சேர்வராயன் மேல் கறுத்தது.
ஒண்டிக்கடையில் முழங்கால் தண்ணீர் என்று
ஏற்காட்டிலிருந்து மச்சான் படம் அனுப்பினான்.
எங்களுக்கு வந்தது மேகத்தின் நிழல் மட்டும்.
அரைமணி நேரம் நின்றது.
இலைகள் நம்பின,
மெல்லத் தோள் இறக்கின.
நிழல் போனதும்
மறுபடி எழுந்து ஒருக்களித்தன.
எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அவள் கிழக்குப் பாதிக்கு அடித்தாள்.
படிவத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு
இந்தப் பக்கம் மருந்து, அந்தப் பக்கம் இல்லை என்று எழுதினேன்.
இதற்கும் கட்டம் இல்லை.

ஐந்தரை மணி. மேற்குப் பாதி, செடி முப்பத்திரண்டு.
இலையடியில் நகராத புழு ஒன்று,
பக்கத்தில் ஒட்டினாற்போல் வெள்ளையாய்
குருணை போல நாலைந்து.
கூப்பிட்டேன்.
குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
"முட்டையா?"
"இல்ல. கூடு. குளவி உள்ளேர்ந்து தின்னுட்டு வெளிய வந்து கட்டினது."
"யாரு கூப்பிட்டா அத?"
செடியைக் காட்டினேன்.
அவள் செடியைப் பார்க்கவில்லை,
கிழக்கே தான் அடித்த பக்கத்தைப் பார்த்தாள்.
அங்கே மருந்து வாடை இன்னும் அடங்கவில்லை.

"வியாழன் வரைக்கும் விடுறேன்" என்றாள்,
என்னிடமா, எதனிடமோ.
மோட்டார் கொட்டகையில் பச்சை விளக்கு எரிந்தது.
மும்முனை கரண்ட்.
தெளிப்பானை வரப்பிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.